முக்கால் அளவு வயலின்: ஒரு மாணவி வாசிப்பதை நிறுத்தியது ஏன்?

"டீச்சர், அவளுக்கு இன்ட்ரெஸ்ட் போயிடுச்சு. இனிமே கிளாஸுக்கு வரமாட்டா. தப்பா எடுத்துக்காதீங்க."

ஓர் அம்மா போனில் சொன்ன இந்த மூன்று வரிகளோடு நாலரை வருடப் பயிற்சி நின்றுபோனது. வயலின் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன வாக்கியம் இது. நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "சரிம்மா, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு, காலியான நேரத்தைக் காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன்.

இந்த முறை அப்படி விட முடியவில்லை. இரண்டு வருடம் முன்புவரை இந்தப் பெண் வகுப்புக்கு கால் மணி நேரம் முன்னாலேயே வந்து, வாசல் ஓரமாக உட்கார்ந்து, முன் வகுப்புப் பையன் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் தடுமாறும் இடத்தில் இவள் விரல்கள் முழங்கால் மேல் அசையும். அப்படி இருந்த ஒரு பிள்ளைக்கு ஆர்வம் "போனது" என்றால், எப்போது போனது, எந்த வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். அம்மாவிடமும் அவளிடமும் அனுமதி கேட்டு, கிடைத்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இதை எழுதி முடித்ததும் இருவரும் படித்தார்கள்.

மாணவி

தொடங்கும்போது வயது 8. நிறுத்தும்போது பன்னிரண்டரை. வாரம் ஒரு வகுப்பு, 45 நிமிடம். மூன்று கிரேடு தேர்வுகளில் தேறியிருந்தாள், நாலாவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டரை வருடம் தனி வகுப்போடு, மாதம் இரண்டு முறை ஆறேழு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் குழு வகுப்புக்கும் வந்தாள். அப்புறம் பள்ளி மாறியது, டியூஷன் சேர்ந்தது. குழு வகுப்பு நேரம் ஒத்துவரவில்லை. "தனி வகுப்பு இருக்கே, அது போதும்" என்று நானும்தான் சொன்னேன். பெரிய விஷயமாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் வசதிக் குறைவு இல்லை. பெற்றோர் இருவருக்கும் இசை பிடிக்கும், யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அவளிடம் சொந்த போன் இல்லை. அம்மாவின் பழைய போன் ஒன்று மாலையில் அவள் கையில் இருக்கும்.

வகுப்பு நோட்டில் இருந்தது

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோட்டு வைத்திருப்பேன். வகுப்பு முடிந்ததும் இரண்டு வரி எழுதுவேன். அந்த வாரம் எத்தனை நாள் பயிற்சி செய்தார்கள் என்று பிள்ளையே எழுதும். அவளுடைய கடைசி ஒரு வருட நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படித்தேன். வாரம் ஒரு பக்கமாகப் பார்க்கும்போது கண்ணில் படாதது, சேர்த்துப் படிக்கும்போது பட்டது.

வருடத் தொடக்கத்தில் வாரம் 5 நாள் பயிற்சி. நாலு மாதம் கழித்து 3 நாள். அதன் பிறகு 2, 1, மறுபடி 2. கடைசி ஆறு வாரம் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. நான் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை, அவளிடம் கேட்கவும் இல்லை.

என் வரிகள் என்ன சொல்லியிருந்தன என்று பார்த்தேன். "சுருதி ஏறுகிறது, கவனிக்கவும்." ஸ்வரம் இருக்கவேண்டிய உயரத்தைவிடக் கூடிப்போகிறது என்று அர்த்தம். அடுத்த வாரம், "சுருதி." அதற்கடுத்து, "மூன்றாம் விரல் சுருதி இன்னும் ஏறுகிறது." கடைசி 19 வகுப்புகளில் 14 முறை இதே குறை. அந்த 19 வகுப்புகளிலும் வாசித்தது தேர்வுக்கான அதே மூன்று உருப்படிகள்தான். புதிதாக ஒன்றையும் தொடவில்லை. நன்றாக வாசித்தாள் என்று இரண்டே இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டும் முதல் மாதத்தில்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பிள்ளையிடம் ஐந்து மாதமாக ஒரே குறையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் குறை ஏன் சரியாகவில்லை என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

பெட்டியைத் திறந்தபோது

வயலினை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி வந்தது.

முக்கால் அளவு வயலின். பத்தாவது வயதில் வாங்கியது. வயலின் பிள்ளைகளின் உடம்பு வளர வளர மாற்றிக்கொண்டே போகவேண்டிய வாத்தியம். கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் உண்டு. இடது கையை நீட்டி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை டேப் வைத்து அளப்போம். 58 சென்டிமீட்டர் வாக்கில் வந்தாலே முழு அளவுக்கு மாறலாம். அவளுக்கு 60 இருந்தது. கடைசி ஒரு வருடத்தில் நன்றாக உயர்ந்திருக்கிறாள்.

வாரா வாரம் என் எதிரில் நின்ற பெண். நான் அளக்கவில்லை.

இந்த அளவு ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முழு வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 328 மில்லிமீட்டர். முக்கால் அளவில் 310 வாக்கில் இருக்கும். விரல் வைக்காத திறந்த தந்திக்கு அடுத்த முழு ஸ்வரம் முழு அளவில் தந்தியின் மேல்முனையிலிருந்து 36 மில்லிமீட்டரில் விழுகிறது, முக்கால் அளவில் 34ல். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் சின்ன வயலினில் விரல் அந்த இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், சுருதி அரை ஸ்வரத்தில் எட்டில் ஒரு பங்கு ஏறிவிடும். பயிற்சி உள்ள காது அதை உடனே பிடித்துவிடும். விரல் தடித்து, கை நீண்ட பிள்ளைக்கு அந்தக் குறுகிய இடத்தில் மூன்றாவது விரலைச் சரியாக வைக்க இடமே போதாது. விரல்கள் ஒன்றையொன்று தள்ளும். சுருதி ஏறும்.

நான் 14 முறை எழுதிய குறையில் ஒரு பெரிய பங்கு அவளுடையது இல்லை.

மிச்சத்தையும் பார்த்தேன். தந்திகள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மாற்றப்படவில்லை. மேல் தந்தியில் விரல் படும் இடமெல்லாம் கறுத்து, தொட்டால் சொரசொரப்பு. பழைய தந்தியில் நாதம் மங்கிப்போகும், எவ்வளவு சரியாக விரல் வைத்தாலும் ஒலி நேராக நிற்காது. தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் விரல்பலகைப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு முறை முறுக்கேற்றும்போதும் தந்தி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடும். அவ்வப்போது நிமிர்த்தி வைக்கவேண்டும். ஒரு முறுக்காணி நிற்கவே இல்லை. திருகிவிட்டுக் கையை எடுத்தால் சர்ரென்று அவிழ்ந்தது. வில்லில் ஒரு பக்கம் முடி கொத்தாக அறுந்திருந்தது. குதிரைவால் முடிதான் அது, 150க்கு மேல் இருக்கும்; ஒரு பக்கம் அறுந்தால் இழுப்பு சமமாக இராமல் வில் ஒரு பக்கமாகத் தந்தியில் வழுக்கும்.

அந்த வயலினை எடுத்து நானே வாசித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் கீழே வைத்துவிட்டேன். அவள் இதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் முயன்றிருக்கிறாள்.

அவள் சொன்னது

திரும்ப வா என்று கேட்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் பேசினாள்.

"எனக்கு வராது டீச்சர். நான் எவ்ளோ வாசிச்சாலும் நல்லாவே கேக்கல."

எங்கே பயிற்சி செய்வாய் என்று கேட்டேன். ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியைப் பார்த்து நின்று. ஏன் கதவைச் சாத்த வேண்டும்? "அண்ணா படிப்பான். நான் வாசிக்க ஆரம்பிச்சா வீட்ல யாராவது வந்து சாத்துவாங்க." யாரும் திட்டவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை. ஒவ்வொரு நாளும் அவள் வில்லை எடுத்ததும் ஒரு கதவு மூடியது, அவ்வளவுதான்.

இன்னொன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவள் விளையாடும் ஒரு வீடியோ கேமில் பின்னணியில் ஒரு மெட்டு வரும். அது அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் காதால் கேட்டே நாலு வரியை வயலினில் தேடி எடுத்திருக்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. முழுசாக ஒன்றரை மணி நேரம் ஆனதாம். அந்த நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்து, "எக்ஸாமுக்கு உள்ளதை வாசி, சும்மா நோண்டிட்டு இருக்காத" என்று சொல்லியிருக்கிறார்.

"எனக்கு அதை வாசிச்சுக் காட்டியிருக்கலாமே?"

"நீங்களும் அதையேதான் சொல்வீங்கன்னு நினைச்சேன்."

சொல்லியிருப்பேன். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் அதை வாசித்திருந்தால், "நல்லா இருக்கு, முதல்ல பாடத்தைப் பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த ஒன்றரை மணி நேரம் நோட்டில் பயிற்சியாகப் பதிவாகவே இல்லை. "அது பிராக்டிஸ் இல்லையே" என்றாள். இதை ஒத்த ஒன்றை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ரென்விக்கும் கேரி மெக்ஃபெர்சனும் 2002ல் பதிவு செய்திருக்கிறார்கள். கிளாரினெட் கற்கும் ஒரு சிறுமி வீட்டில் பயிற்சி செய்வதை வீடியோவில் எடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் கொடுத்த உருப்படிகளை அவள் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஓட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள். தானாக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஒரே ஒரு உருப்படியில் மட்டும், நின்று, திரும்பப் போய், மெதுவாக்கி, சத்தம் போடாமல் விரலை மட்டும் நகர்த்திப் பார்த்து, தேர்ந்த கலைஞர்கள் செய்யும் வேலையெல்லாம் செய்தாள். அப்படிப் பயிற்சி செய்ய அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மற்ற இடங்களில் தெரிவது

இளைஞர்களுக்கு இசையே பிடிக்காமல் போய்விட்டது என்று பேசுகிறோம். கணக்கு அப்படி இல்லை. ஒலிப்பதிவுத் துறையின் உலக அமைப்பான ஐஎஃப்பிஐ 2023ல் 26 நாடுகளில் எடுத்த கணக்கில் ஒருவர் சராசரியாக வாரத்துக்கு 20.7 மணி நேரம் இசை கேட்டார். 2021ல் அது 18.4. கேட்பது கூடிக்கொண்டேதான் போகிறது.

வாத்தியத்தைத் தொட்டுப் பார்ப்பதும் அவ்வளவு குறைந்துவிடவில்லை. பிரிட்டனில் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பு 2014ல் வெளியிட்ட அறிக்கையில், 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் 76 சதவீதம் பேர் ஏதோ ஒரு வாத்தியம் வாசிக்கத் தெரியும் என்றார்கள். 1999ல் அது 41. 2018 மே மாதம் கிப்ஸன் கிதார் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது, கிதாரின் காலம் முடிந்தது என்று பேச்சு எழுந்தது. இரண்டே வருடத்தில், 2020ல், எல்லோரும் வீட்டுக்குள் அடைந்திருந்த நேரத்தில், இன்னொரு கிதார் நிறுவனமான ஃபெண்டர் தன் வரலாற்றிலேயே அதிகமான விற்பனையைச் செய்தது. வாங்கியவர்களில் புதிதாகக் கற்கத் தொடங்கியவர்கள் ஏராளம்.

தொடங்குகிறவர்கள் நிலைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அதே ஃபெண்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி, புதிதாகக் கிதார் எடுப்பவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் முதல் வருடத்துக்குள் கைவிட்டுவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். நான் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றி. தொடக்கத்தில் இருக்கும் புதுமை தீர்ந்து, வாசிப்பு தனக்கே இனிமையாகக் கேட்கும் நாள் இன்னும் வராமல், நடுவில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. வயலினில் அது சாதாரணமாகவே நாலைந்து வருடம். பிள்ளைகள் அங்கேதான் உதிர்கிறார்கள். அந்த வயதில்தான் பள்ளியும் மாறுகிறது, உடம்பும் மாறுகிறது, யாரோடு சேர்ந்திருக்கிறோம் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிதாகிறது.

1997ல் ஆஸ்திரேலியாவில் வாத்தியம் கற்கத் தொடங்கிய 157 பிள்ளைகளை மெக்ஃபெர்சனும் அவருடைய குழுவும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். முதல் பாடத்துக்கு முன்பே, எவ்வளவு காலம் வாசிப்பாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு வைத்தார்கள். ரொம்ப நாள் வாசிப்பேன் என்று சொன்ன பிள்ளைகள், அதே அளவு பயிற்சியிலும் கொஞ்ச நாள்தான் என்றவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். பத்து வருடம் கழித்து, ஆய்வாளர் பால் எவன்ஸ் அந்தப் பிள்ளைகளில் விட்டுவிட்டவர்களிடம் விசாரித்தார். விட்ட சமயத்தில் தன்னால் முடிகிறது என்ற உணர்வும், கூட ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வும், இது நானாகத் தேர்ந்தெடுத்தது என்ற உணர்வும் அவர்களிடம் குறைந்திருந்தன. அதைப் படித்தபோது என் மாணவியின் அறைதான் நினைவுக்கு வந்தது. சாத்திய கதவு, நின்றுபோன குழு வகுப்பு, வேறு யாரோ தேர்ந்தெடுத்த மூன்று உருப்படிகள், தவறாகவே ஒலித்த ஒரு வயலின்.

போன்தான் காரணமா?

அம்மாவின் முதல் பதில் அதுதான். "எந்நேரமும் போன் டீச்சர்." இதைத் தள்ளிவிட முடியாது. போனைத் தொட்டால் ஒரு நொடியில் இசை வருகிறது. வயலினுக்குப் பெட்டியை இழுத்துத் திறந்து, வில்லை முறுக்கி, அதன் முடியில் ரோசின் என்ற பிசினைத் தேய்த்து, தோள் தாங்கியை மாட்டி, நாலு தந்திக்கும் சுருதி சேர்க்கவேண்டும். நன்றாக இருக்கும் வயலினிலேயே ஐந்து நிமிடம். முறுக்காணி நிற்காத வயலினில் கால் மணி நேரமும் ஆகும், அதற்குள் மனசு விட்டுப்போகும். படித்துக் களைத்த ஒரு பிள்ளைக்கு மாலையில் மிஞ்சுவதே அரை மணி நேரம்தான்.

போன் வேறு ஒரு வழியிலும் அவளைக் காயப்படுத்தியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் பெரிய உருப்படிகளைப் பிசகில்லாமல் வாசிக்கும் வீடியோக்கள் அவள் கண்ணில் வந்துகொண்டே இருந்தன. "அந்தப் பாப்பா என்னைவிட அஞ்சு மடங்கு நல்லா வாசிக்குது" என்றாள். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் எத்தனை முறை எடுத்து அழித்தார்கள், அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் தினமும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சதுரத்துக்குள் தெரிவதில்லை.

ஆனால் அவள் ஆசைப்பட்ட அந்த மெட்டும் அதே போனிலிருந்துதான் வந்தது. வேகத்தைக் குறைத்துக் கேட்டு ஸ்வரம் கண்டுபிடித்ததும் அதில்தான். அதனால் எல்லாப் பழியையும் போன்மேல் போட என் மனசு ஒப்பவில்லை. இந்தப் பயமும் புதிது அல்ல. 1906ல், கிராமஃபோன் வந்த காலத்தில், அமெரிக்க பேண்ட் இசைமேதை ஜான் ஃபிலிப் சூசா இதே கவலையோடு எழுதினார்: பெட்டியைத் திருகினால் பாட்டு வரும் என்றால் எந்தப் பிள்ளை உட்கார்ந்து பயிற்சி செய்யும்? அவர் அஞ்சியதில் நிறைய நடக்கவும் செய்தது. 1909ல் அந்த நாட்டில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் விற்ற பியானோ, அந்த உச்சத்திலிருந்து பிற்பாடு இறங்கிவிட்டது. கேட்பது சுலபமாகும்போது வாசிப்பதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கிறது.

அந்தக் காரணமாக நாம் தேர்வையும் மதிப்பெண்ணையும் வைத்துவிட்டோம் என்பதே என் வருத்தம். சீனாவில் பியானோ கற்பது உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கு உதவும் என்பதால் கோடிக்கணக்கான வீடுகள் அதற்குள் நுழைந்தன. தனித்திறமைக்கான சேர்க்கையை 2020க்குள் நிறுத்தச் சொல்லி 2018ல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. பொருளாதாரத் தளர்ச்சியும் சேர்ந்துகொள்ள, அடுத்த சில ஆண்டுகளில் பியானோ விற்பனை கடுமையாகச் சரிந்தது. தேர்வே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மாணவர்கள் இன்றும் எழுதுகிறார்கள், சில பிள்ளைகளுக்கு அது பிடித்தும் இருக்கிறது. மாதக்கணக்காக மூன்றே உருப்படிகள் என்று பாடத்தைச் சுருக்கியது தேர்வு அல்ல, நான்தான். தேர்வுப் பலகையில் என் மாணவர்கள் பெயர் நல்ல மதிப்பெண்ணோடு வரவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

மாற்றிப் பார்த்தது

ஒரு மாதம் கழித்து அவளே அம்மாவிடம், "அந்த கேம் மியூசிக்கை மட்டும் டீச்சர் சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். தருகிறேன் என்றேன்.

முதல் வேலை, வாடகைக்கு ஒரு முழு அளவு வயலின். புதுத் தந்தி, முடி மாற்றிய வில். அதைத் தோளில் வைத்து திறந்த தந்தியை ஒரே ஒரு முறை நீளமாக இழுத்தாள். இழுத்துவிட்டு நின்றாள். "இது நான் வாசிச்சதா?" என்று கேட்டாள். மறுபடி இழுத்தாள். அந்த வகுப்பில் வேறு எதுவும் செய்யவில்லை. நாலு தந்திகளையும் மாற்றி மாற்றி இழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம். முதல் இரண்டு வாரம் விரல்களுக்குப் புது இடைவெளி பழகக் கஷ்டப்பட்டாள். இந்த முறை சுருதி இறங்கியது, ஏறவில்லை. அதை நோட்டில் எழுதாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். மூன்றாவது வாரம் தானாகச் சரியானது.

வீட்டில் அம்மா ஒரே ஒரு மாற்றம் செய்தார். வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் படாத ஒரு சுவரில், ஹாலிலேயே மாட்டினார். அண்ணன் படிக்கும் நேரம் போக, ஹாலிலேயே வாசிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். பத்து நிமிடம் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் போகிறபோக்கில் எடுத்து இரண்டு வரி வாசித்துவிட்டு மாட்டுகிறாள் என்று அம்மா சொன்னார். அது இப்போது நோட்டில் பயிற்சியாகவே பதிவாகிறது.

மூன்றாவது, குழு. வெனிசுவேலாவின் காரகாஸில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975ல் 11 பிள்ளைகளோடு ஒரு வாகனக் கொட்டகையில் தொடங்கிய ஒத்திகைதான் பிறகு எல் சிஸ்டமா என்ற பெரிய இயக்கமானது. அங்கே பிள்ளைகள் முதலில் தனியாகக் கற்று முடித்துவிட்டு அப்புறம் குழுவுக்கு வருவதில்லை, தொடக்கத்திலிருந்தே கூட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். என்னால் முடிந்தது நாலு பேர் கொண்ட ஒரு குழு. தவறு விட்டால் பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள், மறுபடி தொடங்குவார்கள். தனியாக வாசிக்கும்போது ஒவ்வொரு பிசிறும் காதில் அறையும். நாலு வில் சேர்ந்து இழுக்கும்போது அதே பிசிறு கரைந்துபோகும். நடுக்கட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு, தன் வாசிப்பு அழகாகக் கேட்க இதைவிடச் சீக்கிரமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஏழு மாதம் கழித்து

வாரம் 3 அல்லது 4 நாள் வாசிக்கிறாள். பள்ளித் தேர்வு சமயத்தில் இரண்டு வாரம் தொடவே இல்லை. நானும் கேட்கவில்லை, அவளே திரும்ப எடுத்தாள். நாலாவது கிரேடு பற்றி இதுவரை பேச்சு இல்லை. பழைய மூன்று உருப்படிகளில் ஒன்றை மட்டும், பிடிக்கும் என்று சொல்லி, அவ்வப்போது வாசிக்கிறாள். வேகத்தில் தன் வயது மாணவர்களைவிடப் பின்தங்கித்தான் இருக்கிறாள்.

இதே மாற்றங்களை இன்னொரு பையனுக்கும் செய்து பார்த்தேன். அவன் வாத்தியம் நன்றாகவே இருந்தது, குழுவுக்கும் வந்தான், பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுக்கவும் சொன்னேன். ஆறாவது வாரம் வந்து, "எனக்கு ஓவியம்தான் பிடிச்சிருக்கு டீச்சர்" என்று நேராகச் சொன்னான். அவனோடும் அவன் அப்பாவோடும் உட்கார்ந்து நிம்மதியாகப் பேசி முடித்துக்கொண்டோம். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. அதனால் இந்த ஆய்விலிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடை எடுக்க நான் முயலவில்லை. "இன்ட்ரெஸ்ட் போயிடுச்சு" என்ற போன் வந்தால் இப்போது மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்: வயலினைக் கடைசியாக யார் பார்த்தார்கள், எந்த அறையில் வாசிக்கிறாள், அவளாகவே வாசிக்க ஆசைப்பட்டது எது. ஒவ்வொரு மூன்று மாதமும் எல்லோருடைய கையையும் டேப் வைத்து அளக்கிறேன். நோட்டில் ஒரே குறை மூன்றாவது முறை வந்தால், பேனாவை வைத்துவிட்டு, வாத்தியத்தை வாங்கி நானே வாசித்துப் பார்க்கிறேன்.

போன மாதம் அவள் ஒரு கேள்வியோடு வந்தாள். அந்த கேம் மெட்டோடு சேர்ந்து ஒலிக்க இரண்டாவது இசை வரி ஒன்று எழுத முடியுமா, குழுவில் இருக்கும் தோழி கூட வாசிக்கவேண்டும். எழுதேன் என்று காலி இசைத்தாள் ஒன்றைக் கொடுத்தேன். அடுத்த வாரம் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதி, எட்டு தாளக்கட்டம் கொண்டுவந்தாள். ஐந்தாவது தாளக்கட்டத்தில் ஒரு ஸ்வரம் இடித்தது. பார்த்ததுமே தெரிந்தது, சொல்லவில்லை. தோழியும் அவளும் சேர்ந்து வாசித்தார்கள். ஐந்தாவது தாளக்கட்டத்தில் இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் பென்சிலைத் தேடினாள்.